தொண்ணூறு நாள் முடியக் காத்திருந்தவர்

பதின்மூவாயிரத்து எண்ணூற்று எண்பத்தொரு நாட்கள்! 1987 பிப்ரவரி ஆறாம் தேதி நீங்கள் பணியில் சேர்ந்த நாளையும், 2025 பிப்ரவரி ஆறான இன்றைய நாளையும் சேர்த்து எண்ணியது. இரண்டையும் சேர்ப்பதா விடுவதா என்று காலை முழுவதும் எங்களுக்குள் சண்டை. கடைசியில் உங்களிடமே வந்து கேட்டோம்.

"வேல பாத்த நாள எண்ணுறீங்கன்னா ரெண்டையும் சேத்துக்கங்க. நடுவுல போன நாள எண்ணுறீங்கன்னா ரெண்டையும் விடுங்க. எதுக்கு எண்ணுறீங்க?" என்றீர்கள். எதற்கென்று புரிந்ததும் வெட்கப்பட்டு அறைக்குள் போய்விட்டீர்கள்.

சாந்த் ஒடீல் தீவு மேலவையின் செயலாளர், அம்மையார் இஸ்மேனி தெசீர் அவர்களே! மேலவையின் மேன்மை காத்த மௌனமே! எண்ணிக்கை தவறாத எங்கள் இஸ்மேனி அம்மையே! உங்களைப் பாராட்ட இந்த மண்டபத்தில் நாங்கள் பத்தொன்பது பேர் நிற்கிறோம்!

ஆறு அவைத்தலைவர்கள் உங்கள் மேசைக்கு மேலே அமர்ந்து எழுந்தார்கள். புயல் கூரையைப் பிய்த்துப் போன வருடம், அவை மாதா கோவில் பள்ளியில் கூடியபோது, குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து குறிப்பெடுத்தீர்கள். கீழவை அவசரப்படும், மேலவை இன்னொரு முறை பார்க்கும். அந்த இன்னொரு முறைக்கு வேண்டிய தாள் எப்போதும் உங்கள் கையில் இருந்தது.

2003ஆம் ஆண்டின் கடற்கரை மசோதாவை யாரால் மறக்க முடியும்? கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கீழவை அதை நாற்பது நிமிடத்தில் நிறைவேற்றி அனுப்பியது. பதின்மூன்று உறுப்பினர்களின் மேசையிலும் ஆளுக்கொரு வரைபடத்தை வைத்தீர்கள், அவ்வளவுதான். ஹோட்டல்களுக்கு ஒதுக்கிய இடம் போக, படகு ஏற்றக் கரையே மிச்சமில்லை என்பது எல்லார் கண்ணிலும் பட்டது. பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு மீனவர் எழுந்து, "அப்போ எங்க படகெல்லாம் எங்கய்யா ஏத்துறது, மாமரத்து மேலயா?" என்று கத்தினார். மசோதா திரும்பிப் போனது. அந்த மீனவர்தான் பின்னாளில் மேலவை உறுப்பினரானார். இதோ, கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருக்கிறாரே, எவாரிஸ்த் மொன்ரோஸ்.

இவ்வளவு செய்தும் ஒரு கேள்விக்கு மட்டும் நீங்கள் வாய் திறந்ததில்லை. மேலவையின் பதின்மூவரில் ஒருவரையும் மக்கள் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லாரும் தலைவர்கள் கைகாட்டி வந்தவர்கள். இது மாற வேண்டுமா, இப்படியே இருக்கலாமா? தீவு முழுக்க இதைப் பேசியது. செங்கோல் ஏந்தும் எங்கள் ஆந்தெல்ம் பதினைந்து வருடமாக உங்களிடம் கேட்டார்.

"மிஸ் இஸ்மேனி, நமக்குள்ளதான். நீங்க எந்தப் பக்கம்?"

"கொக்கோ ஆறுது ஆந்தெல்ம். குடி."

தேநீர் அறையில் இதற்கு ஒரு பந்தயமே ஓடியது. நீங்கள் பழைய மேலவையின் பக்கம் என்று ஆந்தெல்ம் ஒரு கருப்புக் கேக் கட்டினார். எதிர்க்கட்ட ஆள் கிடைக்கவில்லை.

பிறகு சென்ற நவம்பர் வந்தது. சீர்திருத்த மசோதா வந்தது! மீனவர், விவசாயி, செவிலியர், ஆசிரியர் ஆகியோர் தாங்களே வாக்களித்து அனுப்பும் ஒன்பது பேர். பதவிக்காலத்தின் நடுவில் யாராலும் நீக்க முடியாத ஒன்பது பேர். நிறைவேறப் பத்து வாக்குகள் வேண்டும். ஆதரவு சரியாகப் பத்து. அந்தப் பத்தில் ஒருவர் மொன்ரோஸ். அவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை விமானம். பார்வை மங்கிய வலக்கண்ணுக்கு அறுவை சிகிச்சை, ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. செவ்வாய் மாலையோடு நாடாளுமன்றம் கலைகிறது. ஆகவே வாக்கெடுப்பைத் திங்கட்கிழமை, நவம்பர் பதினொன்றில் வைத்தார்கள். வாசலில் ஆயிரம் பேர் மேளத்தோடு நின்றார்கள்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். மசோதா வைக்கப்பட்ட நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் நடுவே முழுதாகத் தொண்ணூறு நாட்கள் கழிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். மசோதா வைத்த ஆகஸ்ட் பதின்மூன்றையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதை விட்டால் எண்பத்தொன்பதுதான்.

அவை முன்னவர் பிலோஜென் உங்கள் மேசைக்கே வந்துவிட்டார். "ஒரு நாள்தானே மிஸ் இஸ்மேனி! யாரு வந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன் சார். அதுக்குத்தான என்ன இங்க உக்கார வெச்சிருக்கீங்க? ஒரு நாள் கொறஞ்ச சட்டத்த எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் கிழிச்சுப் போடுவாங்க."

அவை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செய்தி வாசலுக்குப் போனதும் மேளம் நின்றது. நீங்கள் காருக்கு நடந்தபோது விழுந்த வசைகளை நாங்கள் எல்லாரும் கேட்டோம். "கெழவிக்கு நாக்காலி மேல ஆச!" "பழைய பங்களாவுக்குக் காவக்காரி!" "எண்ணிக்கிட்டே இரு பாட்டி, பென்ஷன் வரும்!"

உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள் லெனிதா சார்லெரி. எங்களில் இளையவள், வேதியியல் படித்தவள், நாலு பேர் முன் பேசக் கூசுபவள், ஆனாலும் இன்று இதை வாசிப்பவள். அவளுக்கு மட்டும் அன்று நாக்கு துடித்தது. முந்தைய வெள்ளிக்கிழமை, ஆவண அறையில் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்யும்போது அவள் ஒரு தாளைக் கண்டெடுத்து உங்களிடம் காட்டியிருந்தாள். நீங்கள் அதைப் படித்தீர்கள். மடித்தீர்கள். "நான் வேலய விட்டுப் போற நாள், மணி நாலு அடிக்கிற வரைக்கும் இது பெட்டியிலயே இருக்கட்டும் டூடூ, என் கண்ணு. அதுவரைக்கும் இந்த வாய் அவைக்குத்தான் சொந்தம்" என்றீர்கள். அவள் சத்தியம் செய்திருந்தாள். அதனால் பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை ஆந்தெல்ம் மொன்ரோஸைத் தேடிப் போனார். "நாளைக்கு பிளேன் ஏறிடுவியா தோழா?"

"கண்ணு ஒண்ணு போனா இன்னொண்ணு வெச்சிருக்கேன். மசோதா போனா இன்னொண்ணுக்கு எங்க போவேன்? வர்றேன். ஆனா அந்தம்மா மொகத்துல முழிக்க மாட்டேன். வேணும்னே பண்ணிட்டா."

செவ்வாய் காலை விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்தது. நீங்கள் எழுந்து, என்றும் போல் ஏற்ற இறக்கமில்லாத குரலில் பெயர்களை வாசித்தீர்கள். ஒன்பது ஆதரவு, மூன்று எதிர்ப்பு. மிச்சம் ஒரே பெயர்.

"மொன்ரோஸ்."

"ஆதரவு!" அந்தச் சத்தத்தில் மாடத்துக் கண்ணாடி அதிர்ந்தது! பத்து! தெருவில் மேளம் வெடித்தது! செவிலியர்கள் தொப்பியை வீசினார்கள்! பிலோஜென் எதிர்க்கட்சிக்காரரையே கட்டிப்பிடித்தார்! எந்த நீதிமன்றமும் இன்றுவரை அதைத் தொடவில்லை, தொட முடியாது. நீங்கள் மட்டும் முடிவை அறிவித்துவிட்டு உட்கார்ந்தீர்கள். ஆனால் அந்த வாக்குப் பதிவுத் தாளை நாங்கள் பிறகு பார்த்தோம். பன்னிரண்டு பெயருக்கு நேரே அளவான சின்னக் கோடு. பதின்மூன்றாவது பெயருக்கு நேரே உங்கள் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது.

உறுப்பினர் மொன்ரோஸுக்கு அடுத்த அறுவை சிகிச்சைத் தேதி மார்ச்சில்தான் கிடைத்தது. மூன்று மாதமாக அவர் உங்களோடு பேசவில்லை. இன்றைக்கும் மீனவர் சங்கம் மாலை கொடுத்தனுப்பியதால்தான் வந்திருப்பதாக வாசலில் சொன்னார். மாலை இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது.

எங்கள் அன்புக்குரிய அம்மையே! நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் நெடுங்காலம் வாழுங்கள்! இனி எந்த நாளையும் எண்ணாமல் வாழுங்கள்! உங்கள் தோட்டத்தில் கொக்கோ காய்க்கட்டும், ஆறுவதற்குள் குடியுங்கள்!

இந்த இடத்தில் லெனிதா வாசிப்பை நிறுத்துவாள். மண்டபக் கடிகாரம் நான்கு அடிக்கும் வரை நாம் எல்லாரும் காத்திருப்போம்.

அடித்துவிட்டது. பெட்டியைத் திறக்கிறோம்.

"மேலவைச் சீரமைப்புக் குழு. மனு எண் 41. நாள்: 30 ஜனவரி 1987. ஐயா, என் அப்பா மீன் பிடிப்பவர். அம்மா ஆஸ்பத்திரியில் செவிலி. அவர்களைப் பற்றிய சட்டங்களைத் திருப்பிப் பார்க்கும் அறையில் அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. மேலவையை மூடிவிட வேண்டாம். மீனவரும் விவசாயியும் செவிலியரும் ஆசிரியரும் வாக்களித்து அனுப்பும் ஒன்பது பேரை அங்கே உட்கார வையுங்கள். நடுவில் யாரும் அவர்களை எழுப்பாதபடி செய்யுங்கள். இப்படிக்கு, வயது இருபத்திரண்டு..."

உறுப்பினர் மொன்ரோஸ் அவர்களே, கண்ணாடியைக் கழற்றி இந்தக் கையெழுத்தைப் பாருங்கள். உங்கள் கண்ணையும் தன் கனவையும் ஒரே நாளில் பணயம் வைத்துத் தொண்ணூறாம் நாள் முடியக் காத்திருந்தவர், அந்த மசோதாவை முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பே எழுதிய இஸ்மேனி தெசீர்.

பெருமையோடு,
மேலவை அலுவலக ஊழியர்கள் பத்தொன்பது பேர்
(பந்தயத்தில் தோற்றுக் கேக் வாங்கித் தர வேண்டிய ஆந்தெல்ம் உட்பட)