குச்சிக்கிழங்குக்கு உகாண்டாவில் கேட்டார்கள்

இதை எழுதவே வேண்டாம் என்றிருந்தேன். எழுதினால் நான் ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும். ஆனால் இங்கே வளைகுடாவில், சோனாப்பூர் லேபர் கேம்பிலிருந்து சைட்டுக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டு நாமக்கல் அண்ணன் போனில் கத்தியது மண்டையை விட்டுப் போகவில்லை.

"மருந்து வாங்காத புள்ள! உகாண்டாவுல கேட்டுட்டு இருக்கோம்ல?"

ஸ்பீக்கரில் ஊரிலிருந்து அண்ணி: "குச்சிக்கிழங்குக் காடு கால்வாசி மஞ்சளாயிருச்சுங்க. மருந்து அடிச்சாச் சரியாயிரும்னு கடைக்காரரு சொல்றாருங்க."

அண்ணன் பக்கத்தில் எங்கள் சைட் செக்யூரிட்டி, உகாண்டாக்காரர். அண்ணி அனுப்பிய மரவள்ளி இலைப் படத்தைத் தன் போன் ஆப்பில் போட்டுப் பார்த்தார். அவருடைய இந்தியைத் தமிழில் தருகிறேன்.

"பாய், இது தேமல் நோய். மருந்து மாஃபி, கிடையவே கிடையாது. நோய் வந்த செடியை மட்டும் பிடுங்கு. அதுலேர்ந்து நடவுக்குக் குச்சி எடுக்காதே."

"நெசமாவா பாய்?"

"எங்க ஊர் யுனிவர்சிட்டி பிள்ளைங்க செஞ்ச ஆப் இது. என் தங்கச்சியும் அதுல ஒருத்தி. காடு காடா நடந்து, நோய் இலையைப் படம் எடுத்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தா. எங்க ஊர்க் கிழங்கு தப்பிச்சுது. இப்போ மாவு மில்லே வந்திருக்கு!"

"கேட்டியா புள்ள? நோவு வந்ததை மட்டும் புடுங்கு."

"சரிங்க. அந்தத் தங்கச்சி நல்லா இருக்கோணும்னு சொல்லுங்க."

அண்ணன் சொன்னார். சைட் வாசலில் எங்களிடம் சிரிக்கவே சிரிக்காத செக்யூரிட்டி, முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு பக்கத்து நாட்டில், அல் கோபாரில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் நண்பனுக்கு இதை அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "மச்சி, அந்தக் காலேஜ்ல அட்மிஷன் எப்போன்னு கேட்டுச் சொல்லுடா."