வீட்டில் வெட்டுப்பட்ட விரல்

எனக்கு ரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றும் சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு வந்ததுகூட, அதைப் பார்க்க வேண்டியிருக்காது என்கிற நம்பிக்கையில்தான்.

எங்கள் ஆலையில் டப்பா மூடி அடிக்கிறோம். பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் அச்சு கீழே இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது விரல் அடியில் போக வழியில்லை. அருமையான ஏற்பாடு. நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் வேலை நகரவே நகராது. பாதுகாப்பு விருதுக் குழு பார்க்க வருகிற அன்று மெஷின் தூங்கி வழிந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் ‘பாதுகாப்பே முதல்’ என்று நான் எழுதி அச்சடித்த துண்டறிக்கையை நாலாக மடித்து, இடது பொத்தான் அமுங்கியே இருக்கும்படி செருகினேன். அதுவரை அது யாருக்கும் பயன்பட்டதில்லை.

மெஷினில் நின்றவரை விசில் என்று கூப்பிடுவோம். இடது கை விரலை வாயில் வைத்து ஊதினால் கேட்டில் இருக்கிற காவல்காரர் எழுந்து நிற்பார்.

“சார், ஒரு கை சும்மா இருக்கே. அதுபாட்டுக்கு உள்ள போயிடப் போவுது.”

“சும்மா இருக்கிற கையால தகட்டைத் தள்ளுங்க. இன்னும் வேகமாப் போகும்.”

யோசனை என்னுடையதுதான். பழியை இன்னொருவர் தலையில் போடுகிற ஆளில்லை நான்.

குழு வாசலில் காரை விட்டு இறங்கும்போது விரல் போனது. ஒன்றே ஒன்று, ஆள்காட்டி விரல். வேலை வேண்டுமானால் வீட்டில் காய் நறுக்கும்போது பட்டதாகச் சொல்லுங்கள் என்று விசிலிடம் எடுத்துச் சொல்லி, வேன் டிரைவரோடு பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். காய் பிடிக்கிற கைதானே போனது, பொருத்தமாகவே இருந்தது. பிறகு முன்வாசலுக்குப் போய்ப் பூங்கொத்து கொடுத்தேன்.

பெருக்குகிற அம்மா விரலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்நேரம் பார்த்து டிரைவரிடமிருந்து போன். “சார், டாக்டர் விரலைக் கேக்கறாரு. ஐஸ்ல வெச்சு இப்பவே கொண்டாந்தா தெச்சுடலாமாம்.”

என் இடத்தில் இருந்து யோசியுங்கள் சார். வீட்டில் வெட்டுப்பட்ட விரல் ஆலையில் எப்படிக் கிடைக்கும்? அனுப்பினால் விசில் டாக்டரிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். மானஸ்தர்.

“வீட்ல நல்லாத் தேடச் சொல்லு” என்றேன்.

மறுநாள் அவர் மனைவி வந்து நின்றார். “எங்க வீட்டுக்காரர் சமையக்கட்டை எட்டிப் பாத்ததே இல்ல சார். குடிக்கிற தண்ணியக்கூட நான்தான் கொண்டுபோய் நீட்டணும். அவரு காய் நறுக்குனாராமா?”

“பழக்கம் இல்லாமதானேம்மா வெட்டிக்கிட்டார்.”

“இங்கதான் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். நஷ்டஈடாவது வரும். ஒரு கையை வெச்சுக்கிட்டு வேற எங்க வேலைக்குப் போவாரு?”

இன்னும் ஒன்பது விரல் இருப்பதை நினைவுபடுத்தினேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

விருது எங்களுக்கே கிடைத்தது. விழாவில் விசிலை முன்வரிசையில் உட்காரவைத்தேன், கட்டு தெரியாமலிருக்க மடியில் ஒரு பூமாலை கொடுத்து. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை, விசிலும் அடிக்கவில்லை. அடுத்தவன் நன்றாக இருந்தால் சிலருக்குப் பொறுக்காது.

நேற்று சோதனையில் என் அறை ஃபிரிட்ஜில், ஐஸ் தட்டுக்குப் பின்னாலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்தது அந்த விரலைத்தான். ஒளித்து வைக்கவில்லை சார். டாக்டர் சொன்னபடி ஐஸில்தான் வைத்தேன், அனுப்பவில்லை, அவ்வளவுதான். தூக்கிப் போட மனசு வரவில்லை. பேர் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் வேலையை விட்டுப் போகிற அன்று, மற்ற சாமான்களோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

தொழிலாளி பொருள் ஒரு குண்டூசியைக்கூட நான் எனக்கென்று எடுத்துக்கொண்டதில்லை சார்.