மாப்பிள்ளை இல்லாத ஆல்பம்

...அதத்தான் தம்பி சொல்றேன், ஊரு மொத்தமும் இந்த ஸ்டூல்ல உக்காந்துட்டுத்தான் வெளிநாடு போகுது. ஸ்டூலுக்குச் சொந்தக்காரன் மட்டும் இங்கியே கெடக்கணுமா? நிமிந்து உக்காரு. நீயும் படிக்கத்தானே போற? பாத்தாலே தெரியுது. வேலைக்குப் போறவன் தலை சீவிட்டு வருவான், படிக்கப் போறவன் அப்படியே எந்திரிச்சு வருவான். கோவிச்சுக்காத, சீப்பு கண்ணாடிகிட்ட இருக்கு.

விசா போட்டோன்னா காது தெரியணும். ரெண்டும். எதுக்குன்னு கேக்காத, எனக்கும் தெரியாது. அந்தூர்க்காரனுக்கு நம்ம காது மேல என்னமோ ஒரு ஆசை. பல்லக் காட்டக் கூடாது, காதக் காட்டணும். எங்க வீட்டம்மாவையும் இப்படித்தான் காதப் புடிச்சு உக்கார வச்சு எடுத்தேன்.

அவ ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கறவ. நல்லாப் பேசிட்டே இருப்பா, பேச்சு வாக்குல குத்திருவா, வலிக்கவே வலிக்காது. வீட்லயும் அதே கதைதான். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கிட்டே, "நான் மேல படிக்கப் போறேங்க, வெளிநாட்டுல"ங்கறா. எனக்குப் புரையேறிப் போச்சு. "இருக்கற படிப்பையே என்னால தாங்க முடியலியே"ன்னேன். அதுக்கில்லியாம். அங்க போயிப் படிச்சு முடிச்சா, அங்கியே வேலை பாக்க விடுவானாம். லேப் வேலைக்கு ஆளு பத்தாம அலையறானாம். ஒழுங்கா வேலை பாத்துக்கிட்டிருந்தா, சரி நிரந்தரமாவே இருந்துக்கன்னு சொல்லிருவானாம். அதாவது தம்பி, வாசல்ல எழுதிருக்கறது படிப்பு, உள்ள நடக்கறது குடித்தனம். நீயும் அதுக்குத்தானே போற? சிரிக்காத, பல்லு தெரியுது.

அந்தக் குடித்தனத்துக்கு மார்க் போடறான் பாரு, அங்கதான் நான் மாட்டுனேன். வயசுக்கு மார்க், படிப்புக்கு மார்க், இங்கிலீஷுக்கு மார்க். கூட வர்ற புருஷன் படிச்சவனா இருந்தா அதுக்கும் மார்க். ஏஜென்சியில ஒரு பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "சார் என்ன படிச்சிருக்கீங்க"ன்னுது. எட்டாவதுன்னேன். பாஸா ஃபெயிலான்னு அது கேக்கல, நானும் சொல்லல. கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிட்டு, இவ பக்கம் திரும்பி, "மேடம், நீங்க மட்டும் கல்யாணம் ஆகாதவங்களா இருந்தா மார்க் கூடும்"ங்குது. என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே. "நான் வேணா கொஞ்ச நேரம் வெளிய போயி நிக்கட்டுமாம்மா"ன்னு கேட்டேன்.

எங்க வீட்டம்மா சிரிக்கல. "போனா இவரோடதான் போவேன். கொறையற மார்க்க இங்கிலீஷ்ல எடுத்துக்கறேன்"னுட்டா. எடுத்தா தம்பி. தூக்கத்துலகூட இங்கிலீஷ்லயே பேசுனா. நான் பதிலுக்குக் கொறட்டை விட்டேன், அது எல்லா பாஷையிலயும் ஒண்ணுதானே.

எனக்கு அவனுங்க வச்ச பேரு என்ன தெரியுமா, டிபெண்டண்ட். அப்படின்னா என்னாம்மான்னு கேட்டேன். "பொண்டாட்டி கையப் புடிச்சுத் தொங்கிட்டு வர்றவரு"ன்னா. இத்தனை வருஷமா அதானே நடக்குது, இப்பத்தான் கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்குங்கறா.

சரி, கேளு. அவளுக்கு விசா வந்துருச்சு. அடுத்த மாசம் காலேஜு. எனக்கு விசா வரல, கேள்விதான் வந்துது. நீங்க நெசமாவே புருஷன் பொண்டாட்டிதானா? சேந்து எடுத்த போட்டோ ஒண்ணாவது அனுப்புங்கன்னு. கல்யாணம் பதிவு பண்ணுனது குடுத்தாச்சு, சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு, அதெல்லாம் சரி, போட்டோ எங்கங்கறான். எப்படி இருக்கு பாரு, போட்டோக்காரன்கிட்ட போட்டோ இருக்கான்னு கேக்கறான். விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் கல்யாண ஆல்பத்த எடுத்துப் பிரிச்சேன்.

ஒண்ணுலயும் நான் இல்ல தம்பி.

எப்படி இருப்பேன்? என் கல்யாணத்துக்கு, என்கூடத் தொழில் பண்ற ஒருத்தனத்தான் எடுக்கச் சொல்லிருந்தேன். வந்தவன் லைட்ட எங்கியோ வச்சுட்டு எடுக்கறான், பொண்ணு மொகம் இருட்டடிக்குது. பாத்துக்கிட்டு நிக்க முடியுமா, மாப்பிள்ளைன்னா கண்ணு அவிஞ்சா போச்சு? கேமராவக் குடுடா இங்கன்னு வாங்குனேன். வாங்குனவன் திருப்பிக் குடுக்கல. பொண்ணு தனியா, பொண்ணு கூட வேலை பாக்கறவங்களோட, பொண்ணு பக்கத்துல எங்க சின்ன மாமனாரு. அந்த மனுஷன், எடம் சும்மாதானே கெடக்குதுன்னு வந்து நின்னவரு, கடைசி வரைக்கும் நகரவே இல்ல. வெளியாளு பாத்தா அவர்தான் மாப்பிள்ளைம்பான். ஆனா படத்தக் கொறை சொல்ல முடியாது. லைட்டு அப்படி ஒரு லைட்டு.

அப்புறம் போன எடமெல்லாம் அப்படித்தான். அவ நிப்பா, நான் எடுப்பேன். கடற்கரையில எடுத்ததுல மட்டும் மணல்ல என் நெழலு விழுந்திருக்கு. நெழலுக்கு விசா குடுப்பானா? ...செல்ஃபியா? தொழில்காரன் செல்ஃபி எடுப்பானா தம்பி, அது மூக்கப் பூசணிக்காயாக்கிரும்.

நேத்து அவ பெட்டி அடுக்குனா. ஒரு பக்கம் அவ துணி. இன்னொரு பக்கத்தச் சும்மா விட்டிருக்கா. "உங்களுக்குத்தான், எடுத்து வைங்க"ங்கறா. நான் ஒண்ணும் வைக்கல. வச்சுட்டு, மறுபடி எடுக்கும்படி ஆயிட்டா... சரி விடு. உன் போட்டோ எடுத்தாச்சு, எறங்கு.

எறங்குன்னுதான் சொன்னேன், கெளம்புன்னு சொல்லல. அந்தா வர்றா பாரு. வாம்மா, டூட்டி முடிஞ்சுதா? இந்தத் தம்பிதான் நம்மள எடுக்கப் போகுது. ...பஸ்ஸா? அது போனா அடுத்தது வரும். இங்க நில்லு தம்பி. இத அமுக்கு, அவ்வளவுதான் வேலை. உக்காரும்மா. நானும் உக்காந்துட்டேன். தம்பி, என் தலைக்கு மேல எடம் விடு. அவ்வளவு வேணாம். வலது பக்கம் தள்ளு. உன் வலது பக்கம்ப்பா. அடடே, அத ஏன் திருகற, விடு, நானே வந்து...

அமுக்கிட்டியா.

காட்டு. ...நல்லாருக்கு போ. ஒருத்தன் வாயப் பொளந்துக்கிட்டு, கைய நீட்டிக்கிட்டு, ஸ்டூல விட்டுப் பாதி எந்திரிச்சு வர்றான். இவ பின்னாலருந்து சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டு, சிரிச்ச சிரிப்புல கண்ணையே காணோம். ரெண்டு பேரும் ஓரத்துல கெடக்கோம். லைட்டு செவுத்து மேல விழுது. அழிச்சுரு தம்பி, வேற எடுக்கலாம்.

என்னம்மா? ...அழிக்கக் கூடாதாம். ஊர்ல வேற எந்த ஆம்பளையையும் சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வைக்க மாட்டாளாம். அது அந்த ஆபீசருக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுருமாம். இதையே அனுப்புங்கறா.

லைட்டப் பாரும்மா. லைட்ட மட்டும் கொஞ்சம் திருப்பி வச்சுட்டு, ஒரே ஒண்ணு... சரி. சரிம்மா. அனுப்பு. இப்பவாவது சட்டைய விடு.

...விட மாட்டேங்கறா தம்பி.