எட்டுப் பிரம்புக் கதிரைகள்

1957ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி காலை, பெரியகல்லாற்று வாவிக்கரை வங்களாவின் மூன்றாம் படிவரை தண்ணீர் ஏறியிருந்தது.

பிரம்புக் கதிரையை வெயிலில் விடலாம், மாரியில் விடக்கூடாது. பின்னல் ஊறினால் தொய்யும், காய்ந்தால் அறும். வங்களா, கொழும்பில் வழக்குப் பேசும் புரொக்டர் செபஸ்தியாம்பிள்ளை ஐயாவுடையது. நான் டொமினிக், அதன் காவற்காரன். ஐயா ஏப்ரலில் குடும்பத்தோடு வருவார். மாலையில் முற்றத்து உயர்ந்த சீமெந்து மேடையில், வாவியைப் பார்த்தபடி, பிரம்பு பின்னிய எட்டு முதிரைமரக் கதிரைகளில் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது வங்களாவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார். கதிரைகளை உள்ளே அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது அவருடைய எண்ணம். ஐப்பசி பிறந்ததும் மேடையில் அவற்றை அடுக்கி, வங்களாத் தோணியை மேலே கவிழ்த்துக் கயிற்றால் கட்டுவேன். பதினொரு மாரி அப்படிப் போனது.

முந்திய வருடம் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு இரண்டு கதிரை இரவல் கொடுத்தேன். ஒன்றின் பின்னல் கிழிந்து வந்தது. ஐயா ஏசவில்லை. "உன்னை நம்பித்தானே விட்டிற்றுப் போறன், டொமினிக்," என்று மட்டும் சொன்னார். அதன்பின் நான் எவருக்கும் எதையும் இரவல் கொடுத்ததில்லை.

அன்று காலை, பக்கத்து வளவுக் கோணாமலை இடுப்பளவு தண்ணீரில் வந்தான். அவன் மனைவி கண்ணகைக்கு அது நிறைமாதம்.

"அண்ணன், தோணிய ஒருக்காத் தாங்க. கண்ணகைக்கு நேத்து மத்தியானம் துடங்கின நோவு. மருத்துவிச்சி கைய விரிச்சிற்றா. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"தோணி ஓட்டை," என்றேன்.

"ஓட்டையெண்டா அடைச்சிற்றுப் போறன். மச்சானக் கூட்டிற்று வாறன்."

அவன் போனபின் யோசித்தேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்லன். சொன்ன சொல் நிற்க வேண்டும். துறப்பணத்தை எடுத்துத் தோணியின் அடிப்பலகையில் கட்டைவிரல் பருமனில் ஒரு துளை போட்டேன். மழை விடவில்லை, கீழே கதிரைகள். ஆகவே துளையில் தேங்காய்த் தும்பு அடைத்து, மேலே தார் பூசினேன். அடி முழுவதும் தார் என்பதால் அடைப்புத் தெரியவில்லை. அவர்கள் வந்ததும் தும்பைப் பிடுங்கிக் காட்டுவதாக இருந்தேன்.

கோணாமலை, கண்ணகையின் அண்ணன் கனகசிங்கத்தோடு வந்தான். கனகசிங்கம் தோணியின் அடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"ஓட்டை தோணியில இல்ல மச்சான், இவர்ர வாயிலதான். புரொக்டர்ர கதிரைக்குக் காய்ச்சல் வந்திருமெண்டு பயப்படுறார்."

தும்பைப் பிடுங்க நீட்டிய கையை அப்போது மடக்கிக்கொண்டேன். ஒருமுறை சொல்லியாயிற்று. காதில் விழுந்தும் நம்பாதவனுக்கு இரண்டாம் முறை சொல்லும் கடமை எனக்கு இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தோணியை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கி, கண்ணகையைப் பாயோடு தூக்கி அதில் கிடத்தினார்கள். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

தோணி போனதும் என் குடிசைக் கூரையிலிருந்து கிடுகுகளைப் பிடுங்கிக் கதிரைகளை மூடினேன். மூடி முடிக்க அரை மணித்தியாலமும் செல்லவில்லை. கதிரைகளில் ஒரு துளி இறங்கவில்லை.

தும்பு நடு வாவியில் கழன்றது. கண்ணகையையும் கனகசிங்கத்தையும் இரண்டாம் நாள் கரைச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள். கோணாமலை நீந்திக் கரை சேர்ந்தான்.

வெள்ளம் வற்றியபின் மரண விசாரணை அந்த மேடையிலேயே நடந்தது.

"ஓட்டையெண்டு நான் சொன்னன்," என்றேன்.

"ஓம், சொன்னவர்," என்றான் கோணாமலை.

விபத்து என்று எழுதினார்கள். அது பிழை. துளை போட்டவன் நான். அது திறக்கும் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். ஆனால் நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எவரும் எழுத முடியாது.

விசாரணைக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு கதிரைகளில் உட்கார்ந்தார்கள். எட்டாவதைத் துடைத்துக் கோணாமலைக்குப் போட்டேன். அவன் அதில் உட்காரவில்லை.