ஒன்பது விநாடிக் காண்டாமிருகம்

எனக்குப் படம் பிடிக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள் ஐயா. படம் நன்றாகத்தான் இருந்தது. அந்த உப்பு வெளியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பதினெட்டு வருஷமாகத் தியேட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். ஒரு படத்தைக் குறை சொல்லுமுன் இரண்டு முறை யோசிப்பவன். என் மனக்குறை ஒன்பது விநாடி பற்றியது மட்டும்தான்.

படத்துக்கு மூலமான நாவலை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். ஏழு பாகம். அதில் ஒரு கிழட்டுக் காண்டாமிருகம், தன்னைக் காட்டிக்கொடுத்தவனுக்காகவே உயிரை விடுகிறது. ஜனங்கள் அதைச் சுற்றி மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். நூற்று நாற்பது பக்கத்துக்கு ஒன்றுமே நடக்காது. ஒருவன் செருப்பு தைப்பான், ஒருத்தி தும்முவாள். மூன்றாம் நாள் விடியும்போது காண்டாமிருகம் எழுந்து நிற்கும். அந்தப் பக்கங்களைப் பதினோரு தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறேன். படத்தில் அது விழுகிறது, ஒரு வயலின் ஒலிக்கிறது, உடனே அது கண்ணைத் திறந்துவிடுகிறது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், ஒன்பது விநாடி. தியேட்டரில் விசில் பறந்தது.

எங்கள் வாசகர் வட்டத்தில் காண்டாமிருகம் கடவுளா, கடவுள் அனுப்பிய ஆளா என்ற சண்டை பல வருஷமாக உண்டு. ஒவ்வொரு மதத்துக்காரரும் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளை என்பார்கள். நாத்திகரான கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் அது ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்பார். படம் வந்த பிறகு சண்டை முற்றியது. கொம்பு இடது பக்கம் சாய்ந்ததற்கு என்ன அர்த்தம், நெற்றியில் இருந்த சேற்றுக் கோடு யாருடைய சின்னம் என்று தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். மூன்று நாள் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், பட்டப்பெயர் சாமியார். அவர்தான் பதில் சொன்னார்.

"சுருக்கித்தானே ஆகணும் தம்பி. ஜனங்க பாத்ரூம் போக வேண்டாமா?"

அத்தானைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது அவர் வேலை. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசியைக் குத்திக்கொண்டே ஜோக் அடிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். படம் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடும்போது சொன்னார்:

"ஒம்பது செகண்டே ஜாஸ்திடா. அது எந்திரிக்கும்னு டிக்கெட் கிழிக்கிறவனுக்கே தெரியும். மூணு நாள் எவன் உக்காந்திருப்பான்?"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. கேள்வி நியாயமானது, அதற்கு நியாயமான ஒரு பதில் தர வேண்டும் என்றுதான் தோன்றியது.

வட்டத்தின் வருடாந்திரக் கூடுகை மூன்று நாள் நடக்கும். இந்த முறை எங்கள் தியேட்டரில் வைத்தேன். இருக்கைகளை மாற்றுவதற்காக மூடியிருந்தார்கள், சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நாற்பது பேர் வந்தார்கள். "அவன் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான், நீங்க கூட இருங்க" என்று அக்கா அத்தானையும் அனுப்பியிருந்தாள். எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடுகை முடியும்வரை போன், பை எல்லாவற்றையும் செயலாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். முன்பு ஒருவர் ஏழாம் பாகத்தின் முடிவைப் போனில் ஊருக்கெல்லாம் பரப்பியதிலிருந்து வந்த வழக்கம். செயலாளர் நான்தான்.

"டூல்ஸ் பையுமாடா?" என்றார் அத்தான்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே அத்தான்."

கொடுத்துவிட்டார்.

காண்டாமிருகம் விழுந்ததும் படத்தை நிறுத்தினேன். விழுந்த கோலம் திரையில் அப்படியே நின்றது. வெளிக் கதவுகளைப் பூட்டிவிட்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஆபரேட்டர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல. கழிவறை உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் கேன், பிஸ்கட், பாப்கார்ன் எல்லாம் முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் கைதட்டினார்கள். இதுதான் உண்மையான திரையாக்கம் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். பாப்கார்ன் டப்பாக்களின் மேல் விமர்சனம் எழுதி நட்சத்திரம் போட்டார்கள். பெரும்பாலும் நாலு, நாலரை. சாயங்காலம்தான் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் தகரப் பட்டறை, பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம். பட்டறை மூடினால் அந்தத் தெருவில் ஆளே இருக்காது. வீடுகளிலும் யாரும் தேடவில்லை. கூடுகை மூன்று நாள் என்பது எல்லார் வீட்டுக்கும் தெரியும்.

அத்தான் மட்டும் கதவுப் பக்கம் போகவில்லை. என் அறையிலிருந்து படம் விழுகிற சின்ன ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றார்.

"டேய், விளையாட்டெல்லாம் சரி. பையில என் ஊசி இருக்கு. அத மட்டும் தூக்கிப் போடு. நான் பாட்டுக்கு மூணு நாள் என்ன, முப்பது நாள் உக்காந்திருக்கேன்."

குரலை உயர்த்தவே இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் அப்படித்தான் பேசுவார்.  நான் பதில் சொல்லவில்லை. நாவலில் காத்திருப்பவர்களுக்கு மேலேயிருந்து பதில் வருவதில்லை.

சனிக்கிழமை அவருக்கு வாந்தி நிற்கவில்லை. மூச்சு இரைத்தது. வட்டத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். ஜன்னலைப் பார்த்துக் கெஞ்சினாள், திட்டினாள், மறுபடியும் கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் திரைக்கு முன்னால் தரையில் படுத்தார். பத்தேகாலுக்கு அவள் அவருடைய கையைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் ஐயா, என்மீது மட்டும் பழி போடுவது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாமியார் சட்டையைக் கழற்றி மடித்து அத்தானின் தலைக்கு வைத்தார். ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். "செத்துட்டாருங்க. சாதாரணமா, எல்லாரும் சாகற மாதிரி செத்துட்டாரு" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். உஷ் என்று அடக்கினார்கள். ஒருவர் அறுந்த செருப்பைத் தைக்க முயன்றார். ஒரு பெண் தும்மினாள். அது இயல்பான தும்மல்தானா என்று தாழ்ந்த குரலில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான் மேலே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அந்த நூற்று நாற்பது பக்கத்தையும் கண்ணெதிரே பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

மூன்று நாள் என்ற சொல் தவறாமல் திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தேன். நர்ஸைத் தவிர ஒருவரும் வெளியே வரவில்லை. இரண்டாம் நாள்தானே ஆகிறது என்றார்கள். அவள் ஓடிப்போய் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறாள், அக்கா உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். உங்கள் ஆட்கள் எங்கள் வட்டத்தினரைத் தூக்கித்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது.

ஆமாம், பூட்டியவன் நான். ஊசியைத் தராதவன் நான். அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. மறைக்க என்ன இருக்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை, விடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை என்று சொல்கிறீர்கள். இதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். இறந்த நாளைச் சேர்த்து எண்ணுவதா, மறுநாளிலிருந்து எண்ணுவதா என்பதில் வட்டத்துக்குள் ஆதியிலிருந்தே இரண்டு கட்சி உண்டு. சேர்த்து எண்ணியவர்கள் தோற்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அக்கா இன்றைக்கே உடலைக் கேட்கிறாளாம். நாளை விடியும்வரை மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். எழுந்ததும் அவருக்கு முதலில் ஊசி போட வேண்டும். மருந்து கெட்டிருக்குமோ என்ற பயம் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை, படம் ஓட்டுவதற்கு முன்பே பையிலிருந்து எடுத்து ஆபரேட்டர் அறை ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்துவிட்டேன்.