மடியில் விழுந்த சீட்டு

லிஃப்டைச் சோதித்துப் பார்க்கத் திங்கட்கிழமை காலைதான் தோது, ஐயா. எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை; நடுவில் நின்றுபோனால்தான் தேடுவார்கள்.

நான் வாரந்தோறும் லிஃப்ட் பார்க்கும் கட்டடத்தின் நான்காம் மாடிக்குத்தான் அந்த வேன் டிரைவர் குடிவந்தான். பள்ளிக்கூட வாசலில் என் மகள் மேல் வண்டியை ஏற்றியவன். அவளுக்கு ஒன்பது வயது. சாட்சி போதவில்லை என்று நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பழிவாங்குவது தம்முடைய வேலை என்று கர்த்தரும் வேதத்தில் சொல்லியிருக்கிறார். நான் வேதத்தை மீறுகிறவன் அல்ல. அதனால் அவரிடமே கேட்டேன்.

மகளின் கணக்கு நோட்டில் பாதி எழுதாமல் கிடந்தது. அதில் இரண்டு துண்டு கிழித்து, ஒன்றில் 'செய்', மற்றதில் 'விடு' என்று எழுதி, வேதத்தில் உள்ளபடியே மடியில் சீட்டுப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். 'விடு' வந்தது. அடுத்த திங்களும் அதுவே. பதினோரு வாரம் அதுவே. நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பழைய ஏற்பாட்டில் கிதியோன்கூடக் கர்த்தரிடம் ஒரே காரியத்தை இரண்டு முறை கேட்டான்; அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

பதினோராம் வாரம் டிரைவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்தான். அவனுக்கு இப்போது இரவு வேலை. பகலில் அந்த மாடியில் அவன் ஒருவன்தான் இருப்பான்.

"அண்ணே, நீங்க யாருன்னு முதல் நாளே தெரியும். அன்னிக்குக் குடிச்சிருந்தேன். அதுக்கப்புறம் தொட்டதில்ல. ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு தோணுது. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"டீ நல்லா இருக்கு," என்றேன்.

என்னைக் கேட்காமல் அவர் எப்படி மன்னிக்கலாம்? வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

பன்னிரண்டாம் வாரம் 'செய்' வந்தது. லிஃப்ட் வராதபோதும் நான்காம் மாடிக் கதவு திறக்கும்படி விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். என் பங்கு அவ்வளவுதான். யார் திறப்பார்கள் என்பது என் கையில் இல்லை. அவன்தான் திறந்தான். எனக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தானாம்.

தீர்ப்பு என்னுடையதல்ல, ஐயா. அந்த இரண்டு சீட்டும் என் சட்டைப்பையில் இருக்கின்றன, பிரித்துப் பாருங்கள். அவரை மேலும் சங்கடப்படுத்த வேண்டாமென்று, அந்த வாரம் இரண்டிலும் 'செய்' என்றே எழுதினேன். எதை எடுப்பது என்பதை அவரிடமே விட்டுவிட்டேன்.