எந்தக் குடியின் பட்டியலிலும் இல்லாத பக்கீர்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும், எனக்கு அரிச்சுவடி சொல்லித் தந்து, படிக்காத நாட்களில் காதையும் முறுக்கிவிட்ட, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முகைதீன்பாவா அவர்களே! கொழும்பிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்து, இரண்டாம் முறையாக நம் முதியோரின் கண்களைத் திறக்க வந்திருக்கும் வைத்தியப் பெருந்தகை டொக்டர் டெஸ்மன்ட் அவர்களே! குடிக்கு ஒருவராய்ப் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாரே, அவர்களிலும் சிறப்பாக, நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரிந்து இப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் நூஹு மரைக்கார் அவர்களே! கல்முனையிலிருந்து வந்து நம்மோடு கலந்திருக்கும் கிறிஸ்தவ, இந்துச் சகோதரர்களே! வலை இழுத்த கைகளே, வயல் மிதித்த கால்களே, தறியில் தேய்ந்த விரல்களே! ஓலைத் தட்டிக்கு அப்பால் அமைதியாய் அமர்ந்திருந்து, வீட்டுக்குப் போனதும் எங்கள் அனைவருக்கும் தீர்ப்பு வழங்கப்போகும் தாய்மார்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி பொழியட்டும். உங்கள் எல்லோருக்கும் என் இதயம் நிறைந்த வணக்கம்.

சாய்ந்தமருது முதியோர் சகாய சங்கத்தின் செயலாளனாகிய மீராசா மரைக்கார் என்னும் என்னை, ஆண்டறிக்கையை வாசிக்கும்படி தலைவர் பணித்திருக்கிறார். அறிக்கை சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். நான் செய்த ஒரு பிழையை இன்று சொல்லப்போகிறேன். நல்லபடியாக முடிந்த பிழை. அதனால்தான் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? ஓம், கிட்ட வருகிறேன். இந்த ஒலிபெருக்கியின் பெட்டரியும் நம்மைப் போல ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டது.

பெரியோர்களே! ஓய்வு என்றால் என்ன? அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் எழுந்திருக்கிறார். அவருக்கு மாலை விழுகிறது, படம் பிடிக்கிறார்கள், மாதந்தோறும் பென்சன் வருகிறது. வரட்டும், மனமார வாழ்த்துகிறேன். ஆனால் கரைவலை இழுத்தவனுக்கு ஓய்வு எப்போது? கதிர் அறுத்தவனுக்கு ஓய்வு எப்போது? கைத்தறியில் கால் மிதித்தவனுக்கு ஓய்வு எப்போது? யார் அவனுக்குக் கடிதம் கொடுத்தார்கள்? யார் அவனுக்கு மாலை போட்டார்கள்?

நமது பக்கீர் அவர்களுக்கு ஓய்வு கிடைத்த விதத்தைக் கேளுங்கள். நாற்பது ஆண்டு கரைவலை இழுத்த மனிதர். ஒருநாள் காலையில், மணலில் சுருண்டு கிடந்த வலைக்கயிறு தெரியாமல் கால் தடுக்கி விழுந்தார். வலைக்குத் தலைவரான தண்டயல் வந்து தூக்கிவிட்டு, “காக்கா, நீங்க இனி கரையில குந்துங்க” என்றார். அவ்வளவுதான் அவருடைய பிரிவுபசாரம். இரண்டு கண்ணிலும் படலம் மூடியிருந்தது. அதே ஆண்டில் மனைவியும் மவுத்தாகி அடக்கமானார். மகள் ஸுலைஹாவின் வீட்டில் கதவோரத்தில் அமர்ந்து, காலடிச் சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் சித்திரை மாதத்தில் டொக்டர் ஐயா முதல் முறை கல்முனைக்கு வந்தார். இரண்டே நாள், நாற்பதே பேர். பட்டியல் எழுதித் தரும்படி பள்ளிவாசலுக்குச் சொல்லியனுப்பினார்கள். நாங்கள் எப்படி எழுதினோம்? கந்தூரிச் சோற்றை எப்படிப் பங்கிடுவோமோ அப்படியே எழுதினோம். குடி குடியாக எழுதினோம்! ஒவ்வொரு மரைக்காரும் தன் குடியின் முதியோரை எழுதிக் கொடுத்தார்.

டொக்டர் ஐயாவுக்காக ஒரு சொல். அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும், கதைக்கத்தான் வெட்கப்படுகிறார். ஐயா, இந்தக் கரையில் குடி தாய் வழியாக வருவது. ஆண்பிள்ளை பிறப்பது தாயின் குடியில். கலியாணம் முடித்துப் போய் வாழ்வது மனைவியின் வீட்டில், மனைவியின் குடியாரோடு. வீடு மனைவிக்கு, பிறகு மகளுக்கு. பக்கீர் பிறந்தது நூஹு மரைக்காரின் குடியில். வாழ்ந்தது என்னுடைய குடியில். அவருடைய மனைவி எனக்குத் தங்கை முறை. அவர் எனக்கு மச்சான்.

இப்போது விளங்குகிறதா? தாய்மார்களுக்கு விளங்கிவிட்டது, தட்டிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

பிறந்த குடியல்லவா, நூஹு எழுதியிருப்பார் என்று நான் விட்டேன். நாற்பது வருடம் சோறு தின்ற குடியல்லவா, மீராசா எழுதியிருப்பான் என்று அவர் விட்டார். நானும் விட்டேன், அவரும் விட்டார், நடுவில் ஒரு மனிதர் நழுவி விழுந்தார். கண்ணிருந்தும் காணாதவர்கள் நாங்கள் இருவர்; எங்களுக்குத்தான் முதலில் கண் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும்!

இரண்டாம் நாள் காலை ஸுலைஹா மாட்டுவண்டி பிடித்துத் தகப்பனைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தார்கள். பெயர் இல்லை. கிழவர் மகளின் கையைப் பிடித்துத் திரும்பி வண்டியில் ஏறினார். அந்த நேரத்தில் அங்கே ஒருவர் நின்றிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கதையை நான் தலை குனிந்து சொல்லியிருப்பேன். அவர்தான் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் நேசராசா. அதோ, மூன்றாவது வரிசையில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார். எழுந்திருங்கள் நேசராசா! எழும்பமாட்டாராம். பரவாயில்லை, கைதட்டலாவது காதில் விழட்டும்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு நானும் நூஹு மரைக்காரும் பள்ளிவாசல் ஹவுளடியில் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தபோது, சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து விஷயத்தைச் சொன்னார் அவர். நாங்கள் என்ன செய்தோம்? உடனே ஓடினோமா? இல்லை, பெரியோர்களே! பக்கீர் யாருடைய ஆள் என்று சண்டை பிடித்தோம். உங்கட ஆள் என்றேன் நான். உங்கட ஆள் என்றார் அவர். குரல் ஏறியது, கூட்டம் சேர்ந்தது. என் கோபம் உங்களுக்குத் தெரியும். அவருடைய கோபம் என்னுடையதற்கு மூத்தது. வாசலில் நின்ற நேசராசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார்.

“ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைச்சு முடிங்க, மரைக்கார். டொக்டர் நாலு மணிக்கு வெளிக்கிடுறார்.”

அந்தச் சொல் சுட்டது. தொழுகை முடிந்ததும் ஓடினேன் ஸுலைஹாவின் வீட்டுக்கு. அவள் கிணற்றடியில் நின்றாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “வாப்பாட பேர எழுதாம உட்டது ஆரு, மாமா?”

தாய்மாமன் நான். “நான்தான், மகள்” என்றேன். அதற்குமேல் அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கீரை ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது. மூன்று மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். போனால் அங்கே என்ன கூத்து! எனக்கு முன்னால் நூஹு மரைக்கார் சைக்கிளில் வந்து தன் குடிப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டார். அது தெரியாமல் நானும் என் குடிப் பட்டியலில் பதிந்தேன். காலையில் எந்தப் பட்டியலிலும் இல்லாத மனிதர் மாலையில் இரண்டு பட்டியலில் இருந்தார்! இரண்டாவது பக்கீர் எங்கே என்று டொக்டர் ஐயா கேட்க, “ஆள் ஒண்டுதான் சேர், குடிதான் ரெண்டு” என்றார் நேசராசா. இதோ, இப்போதும் சிரிக்கிறார் டொக்டர் ஐயா. புறப்படும் நேரத்தைத் தள்ளிவைத்து, படலம் முற்றியிருந்த வலது கண்ணுக்கு ஒப்பரேசன் செய்து முடித்தார். மற்றதை அடுத்த வரவில் பார்க்கலாம் என்றார். வலது கண் தன் குடிக் கணக்கு என்று நூஹு மரைக்கார் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இருக்கட்டும்! நாளைக்கு இடது கண், அது எங்களுடையது.

பத்து நாள் கண்கட்டோடு, தலைக்கு இரு பக்கமும் மணல்மூட்டை வைத்து, அசையாமல் கிடந்தார். இரண்டு குடியிலிருந்தும் சோறு வந்தது, கறி வந்தது. மகள் கால்மாட்டில் காவல் இருந்தாள். மூன்றாம் நாள் நான் கட்டிலருகே குந்தி, என் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். பட்டியல் எழுதிய நாளில் நீங்கள் ஒரு சொல் சொல்லியனுப்பியிருக்கலாமே, ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“அவ இருக்கும்மட்டும் நான் அவட வீட்டாள், மச்சான். அவ மவுத்தானதுக்குப் பொறகு நான் ஆர்ர ஆளெண்டு எனக்கே விளங்கல்ல. அதான் வாயத் துறக்கல்ல.”

கேட்டீர்களா, என் மக்களே? நாற்பது ஆண்டு இந்த ஊருக்கு மீன் இழுத்துத் தந்த மனிதர், தான் யாருடைய ஆள் என்று தெரியாமல் இருட்டில் குந்தியிருந்தார். அவர் இழுத்த மீனைத் தின்னும்போது யாராவது குடி கேட்டோமா? வாங்கும்போது கேட்காத குடியை, கொடுக்கும்போது மட்டும் ஏன் கேட்டோம்?

புதிய கொப்பி ஒன்று வாங்கினேன். இனிமேல் முதியோர் பட்டியல் குடி குடியாக அல்ல, தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாக, வீட்டுப் படலை படலையாக எழுதப்படும் என்று சங்கத்தில் தீர்மானித்தோம். முதலாவது பெயராகப் பக்கீர் என்று எழுதினேன். அவருக்கு மூக்குக்கண்ணாடி வந்த கிழமை, கொப்பியைப் பெருமையோடு கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன். அந்தத் தடித்த கண்ணாடியோடு குனிந்தார். எழுத்துத் தெரியாது. என்னுடைய பெயர் எது என்று கேட்டார், காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவர் விரலைக் கீழே இறக்கினார், வெறுந்தாளைத் தடவினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மத்த ஆக்கள்ட பேரு எங்க?”

எந்த ஆட்கள் என்றேன். விரல் மடக்கினார். மனைவியை இழந்து, மகள் வீட்டுக் கதவோரத்தில், கண் மங்கி, வாய் மூடி இருக்கும் ஐந்து பேர். ஒருவர் என் வீட்டுக்கு மூன்றாம் படலை! பட்டியலுக்குப் பொறுப்பான எனக்குத் தெரியாத ஐந்து பேரை, பார்வையில்லாத காலத்திலேயே காலடிச் சத்தத்தால் அறிந்து வைத்திருந்தார் பக்கீர் மச்சான்.

ஆகவே சொல்கிறேன், உரக்கச் சொல்கிறேன்! நாடு விடுதலை பெற்று ஏழாண்டாகிறது. உழைத்து ஓய்ந்த மீனவனுக்கும் உழவனுக்கும் நெசவாளிக்கும் மாதந்தோறும் ஓர் உதவி வேண்டும், கல்முனை ஆஸ்பத்திரியில் முதியோருக்கென்று கட்டில் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். கையொப்பம் இடாமல் யாரும் படலையைத் தாண்டவேண்டாம். கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்! ஆனால் அரசாங்கம் கேட்கும் பட்டியலை எழுதப்போவது நாம். நாம் விட்ட பெயரை எந்த அரசாங்கத்தாலும் வாசிக்க முடியாது.

நாளைக் காலை டொக்டர் ஐயா ஆஸ்பத்திரியில் இருப்பார். அந்த ஐந்து பேருக்கும் இடம் உண்டு என்று இப்போது தலையசைக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாற முடியாது! அவர்களைக் கொண்டுபோக ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். சித்திரையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய், பெயரில்லாமல் திரும்பி வந்தவர், நாளைக்கு ஐந்து கிழவர்களைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகிறார். முன்வரிசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான்.

மச்சான், வழியில் கயிறு கிடந்தால் இப்போது தெரியும்தானே? ஓம் என்கிறார். அது போதும் எனக்கு.

பொறுத்திருந்து கேட்ட தலைவருக்கும், தாமதித்துப் புறப்பட்ட டொக்டருக்கும், ஓடி வந்து சொன்ன நேசராசாவுக்கும், என்னோடு சேர்ந்து பிழை செய்து என்னோடு சேர்ந்தே திருத்திய நூஹு மரைக்காருக்கும், ஏசாமல் விட்ட என் மருமகள் ஸுலைஹாவுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். போகும் வழியில் ஒவ்வொரு கதவோரத்தையும் ஒருதரம் எட்டிப் பாருங்கள். வஸ்ஸலாம், வணக்கம்.